பத்தொன்பது பொருள்களும் எட்டு மில்லிமீட்டரும்: தொடக்கநிலைத் தேனீ வளர்ப்புத் தொகுப்பு ஒன்றின் ஓராண்டு அனுபவம்

வீட்டில் தேனீ வளர்க்கத் தொடங்குவோருக்கென்று, தேவையான அனைத்தையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் தொகுப்புகள் இப்போது பல வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றை வாங்கி ஓராண்டு முழுவதும் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கிய மூன்றாம் நாளே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரங்களையும் தயங்காமல் கொடுத்திருப்பேன். பலகைகள் இழைத்து வழவழப்பாக இருந்தன, திருகாணிகள் எண்ணிப் பொட்டலம் கட்டப்பட்டிருந்தன, ஒரு மாலைப் பொழுதுக்குள் பெட்டி முழு உருவம் பெற்றுவிட்டது. ஆனால் தேனீப் பெட்டியின் தரத்தை மனிதர் சோதிப்பது வேறு, தேனீக்கள் சோதிப்பது வேறு. அவற்றின் தீர்ப்பு வருவதற்குச் சில வாரங்கள் ஆகும்.

விளம்பரக் கணக்கின்படி தொகுப்பில் 19 பொருள்கள் உள்ளன: அடிப்பலகை, ராணி முட்டையிட்டுப் புழு வளரும் ஆழமான புழு அறை, அதைவிட உயரம் குறைந்த தேன் அறை, உள்மூடி, வெளிமூடி, பிளாஸ்டிக் அடித்தகடு பொருத்திய 20 சட்டங்கள், ராணி தடுப்புத் தகடு, நுழைவாயிலைச் சுருக்கும் கட்டை, புகைப்பான், முகவலையோடு கூடிய மேலங்கி, தோல் கையுறை, உளி, தூரிகை, வாயிலில் செருகும் பாகு ஊட்டி, ராணியைப் பிடிக்கும் சிறு கூண்டு, ராணிக்குப் புள்ளி வைக்கும் பேனா, அடையின் மூடியைக் கீறும் முள், கையேடு, தேன் புட்டியில் ஒட்டும் பெயர்ச்சீட்டுகள். இல்லாதது தேனீ ஒன்றுதான். படத்தில் பெட்டி நிறையத் தேனீ மொய்ப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: கூட்டத்தைத் தனியாக ஒரு வளர்ப்பாளரிடமிருந்து வாங்க வேண்டும். முட்டையும் புழுவும் மெழுகால் மூடிய சிறு அறைகளும் கொண்ட அடைகள், முட்டையிடும் ராணி, சிறிது தேன், மகரந்தம் ஆகியவற்றோடு ஐந்து சட்டக் கூட்டமாக வாங்கியது நான் செய்த நல்ல முடிவுகளுள் ஒன்று. வெறும் தேனீக்களை மட்டும் கொட்டி வாங்கியிருந்தால் முதல் இரண்டு மாதம் அச்சத்திலேயே கழிந்திருக்கும்.

பெட்டியின் அடிப்படைக் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை அதற்குப் பிறகு. இன்று உலகெங்கும் பயன்படும் சட்டப் பெட்டிக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்கப் பாதிரியார் லோரென்சோ லாங்ஸ்ட்ராத். ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவைக்கும். அதைவிடக் குறுகினால் பிசின் வைத்து அடைக்கும், அகன்றால் அதில் அடை கட்டும் என்னும் இயல்பை அவர் பெட்டியின் எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்தி, சட்டங்களைச் சேதமின்றி எடுத்துத் திரும்ப வைக்கும்படி வடிவமைத்து 1852இல் காப்புரிமை பெற்றார். (அந்தக் காப்புரிமையால் அவருக்குப் பெரிய ஆதாயம் எதுவும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.) மரம், வண்ணம், மூடியின் தகரம் இவையெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த இடைவெளி பிசகினால் அது தேனீப் பெட்டி அன்று, தேனீ நுழைந்துவிட்ட மரப்பெட்டி மட்டுமே.

என் தொகுப்பில் அது பிசகியிருந்தது. புழு அறையின் பத்துச் சட்டங்களில் எட்டில் அடை கட்டி முடித்தபின் மேலே தேன் அறையை ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து அதைத் தூக்க முயன்றபோது அசையவில்லை. உளியை நுழைத்து நெம்பிய நொடியில் ஈரத் துணி கிழிவது போன்ற ஓர் ஓசை கேட்டது. மேல் அறையோடு கீழ் அறையின் இரண்டு சட்டங்களும் ஒட்டிக்கொண்டு எழும்பின. மேல் சட்டங்களின் அடிக்கட்டைக்கும் கீழ்ச் சட்டங்களின் மேல்கட்டைக்கும் இடையே தேனீக்கள் பாலம் பாலமாக அடை கட்டியிருந்தன. அது பிய்ந்து தேன் வழிந்தது. பிளந்த அறைகளில் பால் வெள்ளையாய், கண் மட்டும் ஊதா நிறம் ஏறிய ஆண் தேனீக் கூட்டுப்புழுக்கள் வரிசையாகத் தெரிந்தன. வழிந்த தேனில் ஒட்டிக்கொண்டு பணித் தேனீக்கள் பல மடிந்தன. அன்று எல்லாவற்றையும் மூடிவிட்டு, மறுநாள் காலியாக இருந்த சட்டங்களை வைத்து அளந்து பார்த்தேன்: இடைவெளி 14 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 8. அந்த ஆறு மில்லிமீட்டருக்காகத் தேனீக்களைக் குறை சொல்ல முடியாது.

தேன் அறையின் அடி விளிம்பில் 6 மில்லிமீட்டரைத் தச்சர் ஒருவர் இழைத்துக் கொடுத்தார். சட்டம் அமரும் காடியைத் தவறான ஆழத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். அதன்பின் அந்த இடத்தில் அடை கட்டவே இல்லை. பத்து நிமிட வேலைதான். ஆனால் அதை விற்பனைக்கு முன் செய்திருக்க வேண்டியவர் நான் அல்லன்.

விந்தை என்னவென்றால், இந்தக் குறைதான் வேறொரு பெரிய இடரை எனக்குக் காட்டிக் கொடுத்தது. பிய்ந்த அடையிலிருந்த வெள்ளைக் கூட்டுப்புழு ஒன்றின் மேல், செம்பழுப்பு நிறத்தில், நீளத்தைவிட அகலம் மிகுந்த புள்ளி ஒன்று மெல்ல நகர்ந்தது. வரோவா உண்ணி. ஆசிய இனமான அடுக்குத் தேனீயில் காலங்காலமாக ஒட்டி வாழ்ந்த இந்த உண்ணி, இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இனமான இத்தாலியத் தேனீக்குத் தாவி, இன்று உலகின் பெரும்பாலான பகுதிகளில் கூட்டங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. பணித் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். மூடிய அறைக்குள் கூடுதலாகக் கிடைக்கும் அந்த நாள்களுக்காகவே உண்ணி ஆண் தேனீ அறைகளை விரும்பித் தேடிப் போகிறது. தொகுப்பின் 16 பக்கக் கையேட்டை இந்த ஒரு சொல்லுக்காகத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படித்தேன். 'உண்ணி' என்ற சொல்லே அதில் இல்லை.

கையேட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். தேன் புட்டியில் ஒட்டுவதற்கு 24 பெயர்ச்சீட்டுகளை அச்சிட்டு அனுப்பியவர்கள், உண்ணியை எண்ணிப் பார்க்க வலைமூடி போட்ட ஒரு சாடியைச் சேர்க்கவில்லை. அரைக் கோப்பை அளவு, அதாவது ஏறத்தாழ 300 தேனீக்களை அந்தச் சாடியில் எடுத்து (ராணி அதில் இல்லை என்று உறுதிசெய்த பிறகு), பொடித்த சர்க்கரையை வலை வழியாகத் தூவி, ஓரிரு நிமிடம் உருட்டி வைத்துப் பிறகு வெள்ளைத் தட்டில் குலுக்கினால் உண்ணிகள் சர்க்கரையோடு உதிரும். தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விட்டுவிடலாம். முதல் முறை நான் எண்ணியபோது 11 இருந்தன. நூறு தேனீக்கு மூன்று என்ற அளவை எட்டினாலே காலம் தாழ்த்தாமல் மருந்து வைக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. தேன் அறையை இறக்கிவிட்டுத் தைமால் அடங்கிய மருந்தை வைத்தேன், அடுத்த எண்ணிக்கையில் இரண்டு. இந்த அறிவு எனக்குத் தொகுப்பிலிருந்து வரவில்லை.

அதே கையேடு இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புழு வளரும் பகுதியைத் தேனீக்கள் 34, 35 பாகை செல்சியஸ் அளவில் காத்து வைத்திருக்கின்றன. திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெப்பநிலை குலைகிறது. கூட்டம் பெருகும் பருவத்தில் ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அந்தக் கணக்கிற்கும் காரணம் உண்டு: ராணி வளரும் அறை முட்டையிட்டதிலிருந்து எட்டு, ஒன்பது நாளில் மூடப்படும், அந்த நேரத்தை ஒட்டித்தான் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறும். அடையின் விளிம்பில் நிலக்கடலை ஓடு போல் தொங்கும் அந்த அறைகளைக் காணத் தவறினால் பாதிக் கூட்டம் மரத்தில் தொங்குவதைத்தான் காண நேரும். கூட்டம் பிரிவதைப் பற்றிக் கையேடு ஒரே வரியில் 'இது இயற்கை' என்று முடித்துக்கொள்கிறது. கொட்டு ஒவ்வாமை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் உள்ளது; ஆனால் மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், உடல் முழுதும் தடிப்பு, தலைசுற்றல் ஆகியவை உயிருக்கு ஆபத்தான நிலையின் அறிகுறிகள், உடனே மருத்துவ உதவி வேண்டும். முன்பு எப்போதேனும் இப்படி நேர்ந்தவர்கள் பெட்டி வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை. இதை அச்சிட ஒரு பக்கம் போதும்.

இனி, நல்லவற்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயமாகும். புகைப்பான் அருமை. துருப்பிடிக்காத எஃகு, கை சுடாதபடி சுற்றிலும் கம்பி வேலி, துருத்தி ஓராண்டுக்குப் பிறகும் விரிசல் விடவில்லை. உடன் வந்த எரிகட்டிகள் மட்டும் பாதியிலேயே அணைந்துவிடுகின்றன. பழைய சணல் சாக்கைக் கிழித்துச் சுருட்டி வைத்தால் குளிர்ந்த வெண்புகை முக்கால் மணி நேரம் வரும். வாயிலில் இரண்டு மூன்று முறை ஊதி ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். ஒரு தேனீ கொட்டினால் வாழைப்பழ வாசனையை ஒத்த எச்சரிக்கை மணம் பரவி மற்றவற்றையும் அழைக்கும். புகை அந்த மணத்தை மறைத்துவிடுகிறது. முதல் மாதத்தில் என் கையுறையில் கொடுக்கு தைத்தபோது அந்த வாசனையை நானே உணர்ந்தேன், அடுத்த நொடியில் அதே இடத்தில் மேலும் நான்கு வந்து தைத்தன. தோலில் கொட்டினால், முள் தைத்த கொடுக்கோடு கழன்று நிற்கும் நச்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்தும் என்பதால், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எத்தனை விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். நகத்தால் வழித்துவிட்டு அந்த இடத்தில் புகை அடித்துக்கொள்ளலாம்.

மேலங்கியும் நன்றே. துணி தடிப்பு, முகவலை முகத்தைத் தொடாதபடி வளையங்களால் விலகி நிற்கிறது. ஆனால் கழுத்தில் இரண்டு ஜிப் இழுப்பிகள் சந்திக்கும் இடத்தில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அதை மூட ஒட்டுத் துணி தைத்திருக்கிறார்கள், அது இரண்டாவது சலவையில் பிடிப்பை இழந்தது. ஒரு நாள் வலைக்கு உள்ளே, என் இடக் கண்ணுக்கு நேரே ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போது வலையைத் திறக்காமல், கையை வீசாமல், பெட்டியைவிட்டு இருபது முப்பது அடி நடந்து சென்ற பிறகு திறப்பதற்குத் தேவைப்படும் மன உறுதியை எந்தத் தொகுப்பிலும் அடைத்து விற்க முடியாது. இப்போது அந்த இடத்தில் ஒரு பட்டையைத் தைத்துக்கொண்டேன்.

உளியைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. அதிகம் கையில் இருந்த பொருளும் அதுவே. தோல் கையுறையோ சட்டத்தின் நுனியை உணரவே விடாது. அதை மாட்டிக்கொண்டு நான் நசுக்கிய தேனீக்களின் எண்ணிக்கை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து மெல்லிய ரப்பர் கையுறைதான். தூரிகையின் மயிர் கரடுமுரடு, அதில் கால் சிக்கிய தேனீக்கள் சினம் கொள்கின்றன. சட்டத்தை ஒருமுறை உலுக்கிவிட்டு மிஞ்சியவற்றைக் கைப்பிடிப் புல்லால் தள்ளினால் சண்டையே இல்லை. நுழைவாயில் கட்டை எளிய பொருள், மிக உதவியது.

அது உதவியதற்குக் காரணம், வாயில் ஊட்டி செய்த வினை. பெட்டிக்கு வெளியே கவிழ்த்த சாடியில் சர்க்கரைப் பாகு வைக்கும் இந்த ஊட்டி வெயில் ஏறினால் சொட்டுகிறது. சொட்டினால் வேறு கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையிட வருகின்றன. இரண்டாம் வாரத்தில் வாயிலில் கட்டிப் புரண்டு சண்டையிட்ட தேனீக்களைப் பார்த்து, ஊட்டியைப் பிடுங்கிவிட்டு வாயிலைக் கட்டையால் ஒரு விரலளவுக்குச் சுருக்கினேன். அதன்பிறகு உள்மூடியின் துளைக்கு மேல் சாடியைக் கவிழ்த்து, அதைச் சுற்றி ஒரு வெற்று அறையை வைத்து ஊட்டினேன். அடை கட்டும் காலத்தில் சர்க்கரையும் நீரும் சம அளவு; இருப்புச் சேர்க்க வேண்டிய காலத்தில் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர்.

பிளாஸ்டிக் அடித்தகட்டில் மெழுகுப் பூச்சு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். விரலால் தேய்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை, மணமும் இல்லை. தேனீக்களும் பத்து நாள் அதைச் சீண்டவில்லை. உருக்கிய தேன்மெழுகை மெல்லிய உருளையால் தடவி வைத்தபின் நான்கே நாளில் வெள்ளை அடை எழும்பத் தொடங்கியது. மேலும், இந்தத் தொகுப்பு 'எல்லா வகைத் தேனீக்கும் ஏற்றது' என்ற விளம்பரம் பொய். இத்தகட்டின் அறுகோண வார்ப்பு ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர், சட்டங்களின் இடைவெளி 35 மில்லிமீட்டர். இரண்டும் இத்தாலியத் தேனீக்கான அளவு. அடுக்குத் தேனீ உருவில் சிறியது, அதன் அறைகளும் அடைகளின் நெருக்கமும் இதைவிடக் குறைவு, கூட்டமும் சிறியது. அதை வளர்க்க எண்ணுபவர்கள் அதற்கென்று செய்த சிறிய பெட்டியையே வாங்க வேண்டும்.

ராணி தடுப்புத் தகடும் பிளாஸ்டிக். பணித் தேனீ நுழைந்து ராணி நுழைய முடியாதபடி துளை 4.2 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். துளை சரி, தகடுதான் வெயிலில் வளைந்து ஓரம் தூக்கிக்கொண்டது. ராணி அந்த ஓரத்தின் வழியே மேலேறித் தேன் அறையின் நடுச் சட்டத்தில் முட்டையிட்டுவிட்டாள். விற்பனையாளருக்கு எழுதினேன், மாற்றுத் தகடு விரைவாகவே வந்தது, அதுவும் வளைந்தே வந்தது. கம்பியால் செய்த தகடு ஒன்றைத் தனியே வாங்கிக்கொண்டேன். ராணிக் கூண்டு, பேனா இரண்டையும் நான் தொடவில்லை. ராணி பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வைத்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாற்றிப் புள்ளியிடும் பன்னாட்டு வழக்கம் ஒன்று உண்டு. 4, 9இல் முடியும் ஆண்டுக்கு உரியது பச்சை. தொகுப்பில் வைத்த ஒரே பேனாவும் பச்சை, என் ராணி பிறந்த ஆண்டோ அதற்கு உரியதன்று.

தேனைப் பற்றிக் கேட்பீர்கள். 'முதல் பருவத்திலேயே தேன்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு முதல் எட்டு கிலோ தேனைத் தேனீக்கள் செலவிடுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இருபது சட்டங்களிலும் அடை இல்லாமல் தொடங்கும் பெட்டியில் முதல் ஆண்டு வரவின் பெரும்பகுதி அடை கட்டுவதிலேயே கரைந்துவிடும். எனக்குக் கிடைத்தது தேன் அறைச் சட்டங்கள் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடையின் அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடியிருந்ததைப் பார்த்தும், ஈரப்பதம் 18 விழுக்காட்டுக்குள் இருப்பதைக் கருவியில் உறுதிசெய்தும் எடுத்தேன். அதைவிடக் கூடினால் புளிக்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். மூடி கீறும் முள் நன்றாகவே வேலை செய்தது. பெயர்ச்சீட்டுகளில் நான்கு செலவாயின. கையேட்டில் இடம்பெறாத இன்னொன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

ஆக, ஐந்துக்கு இரண்டரை. புகைப்பான், மேலங்கி, உளி, வாயில் கட்டை, முள் ஆகிய ஐந்துக்காக அந்த மதிப்பெண். இதே செலவில் நல்ல பெட்டி ஒன்றையும் இந்த ஐந்தையும் தனித்தனியே வாங்கினால், தூரிகையும் பேனாவும் கூண்டும் இல்லாமல், ஒரு வலைமூடிச் சாடிக்கும் மிச்சம் இருக்கும். பெட்டி வைக்கும் இடத்தின் சட்ட விதிகளை விசாரிப்பது, வாயில் அண்டை வீட்டாரின் நடைபாதையை நோக்காமல் பார்த்துக்கொள்வது, அருகில் ஆழமற்ற தண்ணீர்த் தட்டில் கல் போட்டு வைப்பது, தாங்கியின் கால்களை எறும்பு ஏறாதபடி நீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது ஆகியவற்றை யாரும் தொகுப்பில் தரப்போவதில்லை, தாங்கியையே தரவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்காக மேலும் ஒரு தேன் அறை தேவைப்பட்டபோது, அதே விற்பனையாளருக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பினேன்: ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேல் சட்டத்தின் அடிக்கட்டைக்கும் கீழ்ச் சட்டத்தின் மேல்கட்டைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்? மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. தங்கள் பெட்டிகள் அனைத்தும் முதல்தர மரத்தால் ஆனவை என்றும், இம்முறை பெயர்ச்சீட்டுகள் 48ஆக உயர்த்தப்பட்டுள்ளன என்றும் எழுதியிருந்தார்கள்.